சர்வர் அறை – 9: ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது

“ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுது சார். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அதே கதை.”

மெயில் சர்வர் பார்க்கப் போகிறவர்களின் காதில் முதலில் விழும் புகார் அநேகமாக இதுதான். பலர் இதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு நேரே சர்வரின் நினைவகத்தையும் டிஸ்க்கையும் பார்க்கப் போய்விடுவார்கள். ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது என்று அந்த இடத்திலேயே நின்று கேட்டிருந்தால், பாதி வேலை முடிந்திருக்கும்.

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், அர்ஸ் சாலைக் கடைகளுக்கு மேலே மாடியில் இயங்கும் ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். முப்பது, நாற்பது பேர். படிக்கட்டுக்கு அடியில் சர்வர் அறை என்று பெயர் சூட்டப்பட்ட ஓர் இடுக்கு. அங்கே ஒரு ரேக், ஒரு யூபிஎஸ், போன தசராவின் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சர்வர்கள். ஒன்றில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது மெயில். இன்னொன்று டொமைன் கன்ட்ரோலர்: யார் ஊழியர், யாருடைய பாஸ்வேர்டு எது, யாருக்கு எந்த உரிமை என்ற பதிவேடெல்லாம் அதில்தான். அந்தப் பதிவேட்டுக்குப் பெயர் ஆக்டிவ் டைரக்டரி.

நோய்க்குறிகள் எல்லோருக்கும் பழக்கமானவை. அவுட்லுக் உறைகிறது. திரையின் மூலையில், சர்வரிடம் தகவல் கேட்டுக்கொண்டிருப்பதாக ஒரு குட்டிப் பெட்டி எழுந்து அடங்குகிறது. கொடுத்த பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறது. முகவரிப் பட்டியலில் சக ஊழியரின் பெயரைத் தேடினால், எழுந்து போய் அவரிடமே நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு நேரம்.

இங்கே ஒரு சின்ன வரலாறு வேண்டும். 1997-இல் வந்த எக்ஸ்சேஞ்ச் 5.5 தன் ஊழியர் பதிவேட்டைத் தானே வைத்திருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2000-இல் அந்தப் பதிவேட்டைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு ஆக்டிவ் டைரக்டரியை நம்பத் தொடங்கியது. அன்றிலிருந்து மெயில் சர்வர் என்பது, தெருவெல்லாம் நடக்கத் தெரிந்தும் ஒரு வீட்டு எண்கூட நினைவில் வைத்துக்கொள்ளாத தபால்காரர். ஒவ்வொரு கடிதத்துக்கும் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், ‘இவர் எங்கே இருக்கிறார்?’ என்று பதிவேட்டுக்காரரைக் கேட்பார். பதிவேட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் தபால்காரர் தெருவில் நிற்பார். திட்டு மட்டும் தபால்காரருக்கு.

நல்லவேளை, யாரைக் கேட்டேன், யார் பதில் சொல்லவில்லை என்பதை எக்ஸ்சேஞ்ச் எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக்கைத் திறந்து 2080 என்ற எண்ணைத் தேட வேண்டும். தனக்கு எந்தெந்த டொமைன் கன்ட்ரோலர்கள் தெரிகின்றன என்று அது போடும் வருகைப் பதிவு அது. 2007-க்குப் பிந்தைய பதிப்புகளில் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழும். சர்வரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்: சிடிஜி 1 7 7 1 0 1 1 7 1. பார்க்கப் பஞ்சாங்கம் மாதிரி இருந்தாலும் படிப்பது சுலபம். முதல் 7, அந்தச் சர்வரை மூன்று வழிகளிலும் எட்ட முடிகிறது என்று சொல்கிறது. 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அது 7-க்குக் கீழே இறங்கினால் ஏதோ ஒரு கதவு திறக்கவில்லை. நடுவில் இருக்கும் 0-வைப் பார்த்துப் பதற வேண்டாம், அது கெடுதல் இல்லை. அதை அடுத்த 1-தான் கவனிக்க வேண்டியது. அந்த இடத்தில் 0 வந்தால், கன்ட்ரோலர் உயிரோடு இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் அதைத் தொடாது. டொமைன் கன்ட்ரோலர்களுக்கான பாலிசியை யாரோ ‘சுத்தம்’ செய்தபோது, தணிக்கைப் பதிவுகளை நிர்வகிக்கும் உரிமை எக்ஸ்சேஞ்ச் குழுவிடமிருந்து போயிருக்கும். பாதுகாப்பை இறுக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களின் கைங்கரியம் பெரும்பாலும். 2114 என்ற எண் வந்தால் நிலைமை இன்னும் மோசம்: பதிவேட்டுக்காரர் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள்.

சரி, நம் அலுவலகத்தில் அந்த 7 சில நேரம் இருக்கிறது, சில நேரம் இல்லை. இந்த ‘சில நேரம்’தான் துப்பு.

மெயில் சர்வரின் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்தால், பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் யார் என்று குறிக்கும் இடத்தில் இரண்டு வரிகள். முதலாவது, அலுவலகத்தின் டொமைன் கன்ட்ரோலர். சரி. இரண்டாவது, 8.8.8.8. கூகுளின் பொது டிஎன்எஸ். ‘ஒன்று படுத்தால் இன்னொன்று இருக்கட்டுமே’ என்று யாரோ நல்லெண்ணத்தில் போட்டது.

ஆனால் கூகுளுக்கு உலகத்தில் உள்ள எல்லா முகவரியும் தெரியும். அர்ஸ் சாலை மாடிக்குள் இருக்கும் பதிவேட்டுக்காரரின் முகவரி மட்டும் தெரியாது. ஆக்டிவ் டைரக்டரி எங்கே இருக்கிறது என்ற குறிப்புகள் உள்ளூர் டிஎன்எஸ்ஸில் மட்டும்தான் உண்டு. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது டொமைன் கன்ட்ரோலர் ஒரு நொடி திணறினால், விண்டோஸ் இரண்டாவது வரிக்குத் தாவுகிறது. கூகுள் மரியாதையாக, உடனடியாக, ‘அப்படி ஒருவர் இல்லை’ என்கிறது. இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்பதால் விண்டோஸ் வேறு யாரையும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்துக்கு இரண்டாவது வரிக்கே முன்னுரிமை தருகிறது. பிறகு பழைய வரிசைக்குத் திரும்புகிறது.

ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது என்பது இப்போது புரியும். வரிசை மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான். சும்மா விட்டிருந்தாலும் பல தடவை தானாகச் சரியாகியிருக்கும். ரீஸ்டார்ட் செய்தவர் பெயரைத் தட்டிக்கொண்டு போனார்.

மருந்தும் சிறியது. இரண்டாவது வரியை அழிக்க வேண்டும். இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் அதைப் போடலாம். வெளி உலக முகவரி வேண்டுமென்றால் உள்ளூர் டிஎன்எஸ்ஸே வெளியே கேட்டுச் சொல்லட்டும். அதற்குத்தான் ஃபார்வர்டர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, 8.8.8.8 உட்கார வேண்டிய நாற்காலி அது.

எல்லா அலுவலகத்திலும் குற்றவாளி டிஎன்எஸ் என்று சொல்ல முடியாது. 2007 மார்ச்சில் விண்டோஸ் சர்வர் 2003-க்கு இரண்டாம் சர்வீஸ் பேக் வந்தபோது, நெட்வொர்க் இணைப்புகளைப் பேணும் வேலையை நெட்வொர்க் கார்டிடமே ஒப்படைக்கும் வசதி தானாக இயங்கத் தொடங்கியது. டிசிபி சிம்னி என்பது அதன் பெயர்களில் ஒன்று. சில கார்டுகளின் டிரைவர்களுக்கு இந்தச் சுமை தாங்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் இணைப்புகள் பாதியில் அறுந்தன, அவுட்லுக் ஊர்ந்தது. நிர்வாகிகளைத் திண்டாட வைத்தது என்னவென்றால், பிங் அடித்தால் பதில் பளிச்சென்று வந்தது. வராமல் என்ன செய்யும்? பிங் போகும் வழி வேறு, சிம்னி கையாண்ட டிசிபி இணைப்புகளின் வழி வேறு. கடைசியில் அந்த வசதியை அணைப்பதற்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் விட்டது. இன்றைக்கும் ‘பிங் வருது சார், நெட்வொர்க்ல பிரச்சனை இல்ல’ என்று சொல்பவரை முழுதாக நம்பக்கூடாது.

அடுத்த சந்தேகம் கடிகாரம். தேவராஜா மார்க்கெட்டின் அருகே நிற்கும் மணிக்கூண்டை மைசூர்க்காரர்கள் சிக்க கடியாரா என்பார்கள். வைஸ்ராய் டஃபரின் வருகையின் நினைவாக 1886-இல் கட்டியது. அரண்மனைப் பக்கம் இருக்கும் தொட்ட கடியாரா 1927-ஆம் ஆண்டுக்காரர். சின்னதும் பெரியதும் இரண்டு நிமிடம் முன்பின் ஓடினால் ஊர் ஒன்றும் கெட்டுவிடாது. டொமைனுக்குள் அந்தச் சலுகைக்கும் எல்லை உண்டு. கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை, இரு சர்வர்களின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கதவைச் சாத்திவிடும். மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போய், நீண்ட கரண்ட் கட்டில் யூபிஎஸ்ஸும் கைவிட்டால், சர்வர் எழும்போது பழைய ஏதோ ஒரு வருடத்தில் கண் விழிக்கும். பாஸ்வேர்டு திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரண்ட் போய் வந்த பிறகு எது முதலில் எழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதிவேட்டுக்கு முன்னால் மெயில் எழுந்துவிட்டால், கேட்க ஆளில்லாமல் அதன் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும். சின்ன அலுவலகங்களுக்காக, 75 பேர் வரை பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் விற்ற ஸ்மால் பிசினஸ் சர்வர் 2003-இல் இரண்டும் ஒரே பெட்டிக்குள். அங்கே கூத்து தலைகீழ். ஷட்டவுன் கொடுத்தால் பதிவேடு முதலில் படுத்துவிடும். மெயில் அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்வதற்குப் பல நிமிடங்கள் ஆகும். விவரம் தெரிந்தவர்கள் எக்ஸ்சேஞ்ச் சர்வீஸ்களை முதலில் நிறுத்த ஒரு குட்டி பேட்ச் ஃபைல் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார்கள். பொறுமை இல்லாதவர்கள் பவர் பட்டனை அழுத்தினார்கள். பிறகு மெயில் டேட்டாபேஸைப் பழுதுபார்க்க இரவெல்லாம் உட்கார்ந்தார்கள்.

தவறு தன்னிடம் இல்லாமலே மெயில் சர்வர் பழி சுமந்ததில் உலகப் புகழ் பெற்ற சம்பவம் 2022 புத்தாண்டில் நடந்தது. அலுவலகங்களிலேயே வைத்து இயக்கிய எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் மெயில்கள் வரிசையில் நின்றுவிட்டன. உள்ளே இருந்த வைரஸ் ஸ்கேனர், தன் பதிப்பு எண்ணைத் தேதியை வைத்து 2201010001 என்று எழுதியது. மைனஸ் எண்களுக்கும் இடம் விடும் 32 பிட் இடத்தில் எழுதக்கூடிய பெரிய எண் 2147483647. டிசம்பர் 31 வரை அடங்கியது, ஜனவரி 1 அன்று வழிந்தது. உடனடி வைத்தியமாக மைக்ரோசாஃப்ட் கொடுத்த புதிய பதிப்பின் எண் 2112330001. அதாவது 2021 டிசம்பர் 33. நாள்காட்டியில் இல்லாத அந்தத் தேதியை வைத்துத்தான் மெயில்கள் மறுபடி நகர்ந்தன.

அர்ஸ் சாலை மாடிக்குத் திரும்புவோம். இரண்டாவது வரி அழிந்துவிட்டது. சர்வரைப் பார்க்க வந்தவர் டிஎன்எஸ் நினைவை மட்டும் துடைத்துவிட்டு, ஈவென்ட் வியூவரைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 2080 விழுகிறது: 7. கால் மணி நேரம் கழித்து மறுபடி: 7. காபி வந்தது. மூன்றாவது முறையும் 7. அலுவலக மேலாளர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

“ரீஸ்டார்ட் பண்ணலையா சார்?”

“வேணாம் சார். நாளைக்குக் காலையில எல்லாரும் வந்து உட்காரட்டும். அப்புறம் இந்த லாக்க ஒருதரம் பார்த்துட்டுச் சொல்றேன்.”

(தொடரும்)