பிள்ளைகள் சேரும் கேம் குழுக்கள்: டிஸ்கார்ட் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

பாப்பாரப்பட்டியில் இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். தந்தைக்கு பெங்களூருவில் வேலை. வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வரும் தாய், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் காதில் ஹெட்செட் மாட்டி யாருடனோ பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். "யாருடா அது?" என்று கேட்டால், "ஃப்ரெண்ட்ஸ்மா, சும்மா கேம்" என்கிறான். அந்த ஃப்ரெண்ட்ஸில் ஒருவரைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை.

பிள்ளைகளிடம் நாம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். என்ன கேம், எவ்வளவு நேரம். மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: யாருடன்?

இன்று ஒரு கேமை மட்டும் தனியாக யாரும் விளையாடுவதில்லை. ஒவ்வொரு பிரபலமான கேமைச் சுற்றியும் ரசிகர்கள் கூடிப் பேசும் குழுக்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அவை உண்டு. அதிகமாக இருப்பது டிஸ்கார்ட் என்ற செயலியில்.

தடைக்குப் பின்னும் தொடரும் குழுக்கள்

மத்திய அரசு 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. பல பெற்றோர் நிம்மதி அடைந்தனர். ஆனால் பப்ஜிக்குப் பதிலாக பிஜிஎம்ஐ வந்தது. ஃப்ரீ ஃபயர் போனாலும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இருந்தது. கேமின் பெயர் மாறியதே தவிர, பிள்ளைகள் சேர்ந்திருந்த குழுக்கள் கலையவில்லை.

குழுவின் பேச்சு எந்த அளவுக்குப் போகும் என்பதை நம் மாவட்டமே பார்த்தது. பப்ஜி விளையாடியபடி யூடியூப் நேரலையில் பேசி வந்த மதன் என்பவரைப் பின்தொடர்ந்தவர்களில் பள்ளி மாணவர்கள் ஏராளம். பெண்களை ஆபாசமாகப் பேசினார், ரசிகர்களிடம் பணம் வசூலித்தார் என்ற புகார்களின் பேரில், 2021 ஜூன் 18-ஆம் தேதி சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் அவரைக் கைது செய்தனர். கைது நடந்த இடம் தர்மபுரி. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று நாம் வாங்கிக் கொடுத்த போனில், அடுத்த அறையில் இருந்துகொண்டு நம் பிள்ளைகள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பலருக்கும் அந்தச் செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது.

டிஸ்கார்ட் எப்படி இயங்குகிறது?

கேம் விளையாடுபவர்கள் விளையாடிக்கொண்டே பேசுவதற்காக 2015-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது டிஸ்கார்ட். இதில் உள்ள ஒவ்வொரு குழுவுக்கும் 'சர்வர்' என்று பெயர். சர்வரை ஒரு பெரிய கட்டடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனுள் பல அறைகள். சில அறைகளில் எழுதிப் பேசலாம், சிலவற்றில் குரலில் பேசலாம். கட்டடத்தைத் திறந்தவர் உரிமையாளர். ஒழுங்கைக் கவனிக்க அவர் நியமிப்பவர்கள் 'மாடரேட்டர்கள்'. உள்ளே வர ஓர் அழைப்பு லிங்க் போதும். சர்வரை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கலாம். எனவே அது நல்ல இடமா கெட்ட இடமா என்பது அதை நடத்துபவரைப் பொறுத்தது.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் பொதுவாக நம் போன் எண் மற்றவர்களுக்குத் தெரியும். டிஸ்கார்டில் தெரியாது. புனைபெயர் மட்டுமே தெரியும். இது பிள்ளைக்குப் பாதுகாப்பு. அதே திரை எதிரில் இருப்பவருக்கும் உண்டு. பதினைந்து வயது என்று சொல்பவர் நாற்பது வயதுக்காரராக இருக்கலாம்.

நன்மையும் இருக்கிறது

எல்லாக் குழுக்களும் கெட்டவை என்று சொல்வது நியாயமாகாது. சிற்றூரில் இருக்கும் மாணவன் அங்கே ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறான். கேமுக்குப் படம் வரைவது, வீடியோ தொகுப்பது, சிறிய புரோகிராம் எழுதுவது ஆகியவற்றைச் சிலர் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். அணியாகச் சேர்ந்து போட்டிகளில் கலந்துகொள்பவர்களும் உண்டு. பேச நண்பர்கள் குறைவாக உள்ள பிள்ளைக்கு அது ஆறுதலும்கூட.

சிக்கல் தொடங்கும் இடங்கள்

முதலாவது, தனிச் செய்தி. பலர் பார்க்கும் பொது அறையில் தவறாகப் பேசத் தயங்குபவர், "தனியா வா, பேசலாம்" என்பார். அன்பாகப் பேசுவார், கேமில் பரிசு கொடுப்பார், பிறகு போட்டோ கேட்பார். போட்டோ கைக்குப் போனதும் மிரட்டல் தொடங்கும்.

இரண்டாவது, இலவச ஆசை. "ஃப்ரீ டைமண்ட்", "ஃப்ரீ யூசி" என்று வரும் லிங்குகளில் பாஸ்வேர்டைப் போட்டால் கணக்கே பறிபோகும். "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய், பரிசு கிடைக்கும்" என்பதும் இதே மோசடிதான். டிஸ்கார்ட் செயலியால் அதை ஸ்கேன் செய்தால், நம் கணக்கு அடுத்தவர் கணினியில் திறந்துகொள்ளும். குழுவில் பகிரப்படும் 'மோட்' செய்யப்பட்ட செயலிகள் மூலம் போனுக்குள் வைரஸ் வரலாம்.

மூன்றாவது, பணம். கேமில் உடையும் துப்பாக்கியும் வாங்க, வீட்டில் உள்ளவர்களின் யுபிஐ பின்னைப் பிள்ளைகள் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். பணம் பெறுவதற்கு பின் தேவையில்லை, அனுப்புவதற்கு மட்டுமே தேவை என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். "பரிசுப் பணம் வர பின் போடு" என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று.

சேரும் முன் செய்ய வேண்டியவை

டிஸ்கார்டில் சேரக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். அதற்கு மேற்பட்ட பிள்ளை கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே கணக்கைத் தொடங்குங்கள்.

• கேம் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள லிங்க் வழியாகவே சர்வரில் சேர வேண்டும். யூடியூப் கமெண்டில் வரும் லிங்க் வேண்டாம்.
• புனைபெயரில் உண்மைப் பெயர், பள்ளி, ஊர், பிறந்த ஆண்டு எதுவும் இருக்கக் கூடாது. முகப்புப் படமாகச் சொந்தப் போட்டோ வேண்டாம்.
• செட்டிங்ஸில், சர்வரில் உள்ளவர்கள் தனிச் செய்தி அனுப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள்.
• இரண்டு படி சரிபார்ப்பை இயக்குங்கள்.
• 'ஃபேமிலி சென்டர்' என்ற வசதியில் பெற்றோர் தம் கணக்கை இணைக்கலாம். பிள்ளை யாரை நண்பராகச் சேர்த்தது, எந்தச் சர்வரில் இருக்கிறது என்பது தெரியும். என்ன பேசியது என்பது தெரியாது.
• இரவில் போன் பிள்ளையின் படுக்கையில் இருக்கக் கூடாது. இந்த விதி பெரியவர்களுக்கும் சேர்த்து இருந்தால்தான் நிற்கும்.

ஏதாவது நடந்துவிட்டால்

பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதியலாம். மிரட்டல் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. அதே நேரம், பிள்ளையின் அந்தரங்கப் படம் எதையும் 'ஆதாரம்' என்று உறவினருக்கோ குழுவுக்கோ அனுப்பாதீர்கள். போக்சோ சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. மிரட்டியவருக்குப் பணம் கொடுப்பதால் மிரட்டல் நிற்காது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. மிரட்டுபவனின் பெரிய பலம், "வீட்டில் சொன்னால் அடிப்பார்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள்" என்ற பிள்ளையின் பயம். அந்தப் பயம் இருக்கும்வரை பிள்ளை நம்மிடம் வராது, அவனிடம்தான் மேலும் கெஞ்சும். ஆகவே கணக்கைத் தொடங்கும் நாளிலேயே பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுப்போம்: "தப்பு உன்னுடையதாகவே இருந்தாலும் முதலில் எங்களிடம் வா. போனைப் பிடுங்க மாட்டோம், திட்ட மாட்டோம். சேர்ந்து சரி செய்வோம்."

பெங்களூருவிலோ வளைகுடாவிலோ இருக்கும் தந்தையும் போனில் இந்த வாக்கைத் தம் வாயால் சொல்லலாம். இன்று இரவே அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்போம். கோபமாகக் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "உன் டீம்ல யாரெல்லாம் இருக்காங்க, எனக்கும் காட்டு" என்று கேட்டாலே போதும்.