கஜகஸ்தானில் இருந்து கரிசல் காட்டுக்கு வரும் பூனைப்பருந்து! தலை எண்ணுவது ஏன்? எப்படி?

விருதுநகர்:

தீபாவளி ஆர்டர் முடிகிற சமயத்தில் விருதுநகர் மாவட்டத்து கரிசல் காட்டுக்கு வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று சத்தமில்லாமல் வந்து இறங்குகிறது. பஸ்சிலும் இல்லை, ரெயிலிலும் இல்லை. பறந்தே வருகிறது. அதுதான் பூனைப்பருந்து!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கஜகஸ்தான் மாதிரியான மத்திய ஆசிய நாடுகளின் புல்வெளிதான் இதற்கு சொந்த ஊர். அங்கே பனி கொட்டப்போகிறது என்றதும் கிளம்பிவிடும். நேர்கோட்டில் கணக்கு போட்டாலே இங்கு வர 4 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் வந்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போய்விடும்.

சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி, கயத்தாறு என்று நீளும் மானாவாரி பூமிதான் இவற்றுக்குத் தோதான இடம். மழை குறைச்சல் என்பதால்தான் இந்தப் பக்கம் பட்டாசும் தீப்பெட்டியும் வந்தது. அதே மழைக்குறைவால்தான் மரம் அடையாத திறந்த புல்காடும் இங்கே இருக்கிறது.

கள்ளப்பருந்து இல்லை

நம்ம ஊர் கள்ளப்பருந்துக்கு வால் நடுவில் பிளந்திருக்கும். உயரத்தில் வட்டம் போடும். பூனைப்பருந்து அப்படி இல்லை. பயிருக்கு மேலே ஆள் உயரத்தில், ரெண்டு இறக்கையையும் லேசாக மேலே தூக்கிப்பிடித்தபடி மிதந்து போகும். ஆண் சாம்பல் நிறம், இறக்கை நுனி கருப்பு. பெண் பழுப்பு நிறம், வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை.

'கோழிக்குஞ்சைத் தூக்கிடும்' என்று பயப்பட வேண்டாம். இதன் முக்கிய தீனி வெட்டுக்கிளி. அப்புறம் எலி, ஓணான், சின்னக் குருவிகள். உளுந்து, பாசி, மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு கூலி கேட்காத வேலைக்காரன் என்றே சொல்லலாம்.

எண்ணுவது எப்படி?

பகலெல்லாம் தனித்தனியாக இரை தேடும் இவை, பொழுது சாயும்போது ஒரே இடத்தில் கூடும். மரத்தில் இல்லை. தரையில், புல்லுக்குள் படுத்துத் தூங்கும். குஜராத்தில் உள்ள வேளாவதர் புல்வெளியில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கின்றன.

எண்ணுகிறவர்களுக்கு இதுதான் வசதி. சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே போய், புல்காட்டுக்கு வெளியே தூரத்தில் நின்றுகொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு திசை. கையில் பைனாகுலர், நோட்டு. இறங்குகிற பறவையைக் கூட்டணும், எழும்பிப் போவதைக் கழிக்கணும். சாம்பல் எத்தனை, பழுப்பு எத்தனை என்று தனித்தனியாகக் குறிக்கணும். இருட்டும் வரை இதே வேலை.

பக்கத்து ஊர்களிலும் அதே நாளில் எண்ணினால்தான் ஒரே பறவை ரெண்டு கணக்கில் வராது. அடுத்த வருஷமும் அதே இடம், அதே வாரம். அப்போதுதான் கூடியதா குறைந்ததா என்பது தெரியும்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஏட்ரீ' ஆராய்ச்சி நிறுவனம் தென்மாவட்டங்களில் பூனைப்பருந்துகளைக் கவனித்து வருகிறது. பொதுமக்கள் பார்த்த தகவலையும் சேர்க்க 'ஹேரியர் வாட்ச்' என்ற திட்டத்தையும் நடத்தியது.

எண்ணி என்ன லாபம்?

நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 'ஹாக் மவுண்டன்' என்று ஒரு மலை. வலசை போகும் பருந்துகளை அங்கே சுட்டுத் தள்ளுவார்கள். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி சுடுவதை நிறுத்தி, எண்ண ஏற்பாடு செய்தார். இரண்டாம் உலகப்போர் சமயம் தவிர, வருஷம் தவறாமல் எண்ணினார்கள்.

1950-களில் அந்த நோட்டில் ஒரு விஷயம் மாட்டியது. பெரிய கழுகு வருகிறது, இளசுகள் வருவது குறைகிறது. குஞ்சு பொரிப்பதில் ஏதோ கோளாறு! பூச்சிமருந்தான டி.டி.டி. பற்றி ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கும் ஒரு சாட்சி ஆனது. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.க்கு தடை போட்டது. இந்தியாவில் விவசாயத்துக்கு 1989-ல் தடை வந்தது.

இங்கே பிணந்தின்னிக் கழுகுக்கு நடந்ததும் அதேதான். ராஜஸ்தானின் பரத்பூரில் எண்ணி வைத்த கணக்கில்தான் 1990-களில் சரிவு தெரிந்தது. மாட்டுக்குப் போடும் 'டைக்ளோபினாக்' ஊசிதான் காரணம் என்று கண்டுபிடித்து, 2006-ல் தடை வந்தது. அதற்குள் நூற்றுக்கு 95-க்கும் மேல் செத்துப்போச்சு.

'தரிசு'தான் படுக்கை அறை

பூனைப்பருந்துக்கு ரெண்டு ஆபத்து. ஒன்று, காட்டில் அடிக்கிற மருந்து. வெட்டுக்கிளி செத்தால் இதற்கு தீனி இல்லை. இன்னொன்று, நிலம். வருவாய்த்துறை ஏட்டில் 'தரிசு' என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் இவை தூங்குகின்றன. யாருக்கும் உதவாத இடம் என்று நினைத்து அங்கே பிளாட் போடுகிறார்கள், ஆலை கட்டுகிறார்கள், சோலார் தகடு பதிக்கிறார்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் மட்டும் சுமார் 2,500 ஏக்கர்.

கரண்டும் வேணும், வேலையும் வேணும். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எந்தப் புல்காட்டில் பறவை அடைகிறது என்ற கணக்கு கையில் இருந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பார்க்கச் சொல்லலாம். கணக்கு இல்லாவிட்டால் 'அங்கே ஒண்ணுமே இல்லை' என்று எழுதிவிடுவார்கள். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு 2021-ல் புலிகள் காப்பகம் என்ற அந்தஸ்து கிடைத்தது. கிழக்கே கரிசல் காட்டுக்கு அப்படி ஒரு காவல் இல்லை.

பட்டாசு ஆலையில் இருந்து வேனில் வீடு திரும்புகிற நேரமும், இவை அடைகிற நேரமும் ஒன்றுதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கொஞ்சம் பாருங்க. ஒரே புல்காட்டில் பல பருந்துகள் தரையில் இறங்கினால் இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்க. உள்ளே நடக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம், காய்ந்த புல்லுக்குத் தீ வைக்க வேண்டாம். பங்குனி வரை அது அவர்கள் வீடு.