மழலையர் பள்ளி: ஒரு கிலோமீட்டருக்குள் அளக்கப்படும் உரிமை

பொங்கல் கழிந்ததும் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் சாலைகளில் மழலையர் பள்ளிகளின் சேர்க்கைப் பதாகைகள் முளைத்துவிடுகின்றன. பலவற்றில் மாண்டிசோரி என்னும் பெயர் இருக்கும். மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் திறந்தார் என்பதைப் பதாகைகள் சொல்வதில்லை. அவர் 1939-இல் அடையாறு வந்து பயிற்சியளிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதே அடையாறில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894-இல் தொடங்கிய இலவசப் பள்ளி மரபில் கிண்டர்கார்டன் முறை புழங்கியது. சேரிக் குழந்தைக்குக் கொண்டுவரப்பட்ட கல்வி இன்று சேரிக்கு எட்டாத விலையில் விற்கப்படுகிறது.

ஆகவே, "எந்தப் பள்ளி நல்லது?" என்று நம் பெற்றோர் கேட்கும்போது, "எந்தப் பள்ளியின் கதவு திறக்கும்?" என்பதையும் சேர்த்தே நாம் விளக்க வேண்டியுள்ளது.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பிரிவு 12(1)(இ), சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உறுதி செய்கிறது. பள்ளியில் எல்கேஜி இருந்தால் அங்கிருந்தே இது தொடங்கும். முதல் வகுப்பு இல்லாமல் தனியே இயங்கும் பிளே ஸ்கூல்கள் இதற்குள் வரா. இதை அறியாமல் ஈராண்டுக் கட்டணத்தை அங்கே கொட்டிவிட்டு, பிறகு சட்டத்தைத் தேடி வருவோர் உண்டு. பட்டியல் சாதிக் குழந்தைக்கு வருமான வரம்பு கிடையாது. இரண்டு இலட்ச ரூபாய் வரம்பு நலிந்த பிரிவினருக்கு மட்டுமே. இவ்விடங்களுக்குக் குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்வது குற்றம். முதன்முறை மீறலுக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். பாடநூல், சீருடைச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் கூறியது.

ஏட்டில் இவ்வளவு உண்டு. நடைமுறையில் முதல் தடை, பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியேற்றப்பட்டோரில் பெரும்பான்மையினர் தலித்துகள். அடுக்குமாடித் தொகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஓரிடத்தில் அடுக்கிவிட்டு, அதே ஒரு கிலோமீட்டர் வட்டத்தை அவர்களுக்கும் வரைவது சமநீதியா? குடியிருப்பைப் பிரித்து வைத்த சாதி, தூரத்தின் பெயரால் பள்ளியையும் பிரிக்கிறது.

இரண்டாவது தடை காலம். 2025-26 கல்வியாண்டில் ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்த தகராற்றில் சேர்க்கை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிட்டதால், ஏற்கெனவே சேர்ந்திருந்த தகுதியுள்ள குழந்தைகளுக்கே இடங்கள் வழங்கப்பட்டன. கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்றார்கள். சூன் மாதம் கட்டணம் கட்ட வழியற்ற குழந்தை அக்டோபரில் அப்பட்டியலிலேயே இல்லை. யாருக்காகச் சட்டமோ, அவர்களே வெளியே நின்றார்கள்.

அங்கன்வாடியை இரண்டாந்தரமாக எண்ண வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை அளித்து அங்கன்வாடிகளை 14 இலட்சமாக உயர்த்த உச்சநீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. அங்கே முட்டை உண்டு, தாய்மொழி உண்டு. தமிழக அரசு 2019-இல் 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளையும் தொடங்கியது. 2022-இல் அவற்றுக்கான தற்காலிக ஆசிரியருக்கு மாத ஊதியம் 5,000 ரூபாய் என்றது வேறு கதை.

எதைத் தேர்ந்தாலும், சேர்க்குமுன் ஒரு வேலை நாளில் அரைமணி நேரம் அங்கே நின்று பாருங்கள். உணவுப் பெட்டியில் முட்டையும் கருவாடும் அனுமதியா? 25 விழுக்காட்டில் சேர்ந்த குழந்தைகள் தனிப்பிரிவிலா, கலந்தா உட்கார்கிறார்கள்? வீட்டு வழக்கில் பேசும் குழந்தையை ஆசிரியர் திருத்துகிறாரா, கேட்கிறாரா? மூன்று வயதில் கழிப்பறைக்குத் துணை செல்பவர் யார், அவர் எல்லாக் குழந்தைகளையும் தொட்டுக் கழுவுகிறாரா? கடைசிக் கேள்வி சிலருக்குக் கூசும். நமக்குக் கூசாது.

விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் இறுதியில் திறந்து மே மாதத்தில் மூடப்படுகிறது. சூலை 31-இல் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றைப் பிப்ரவரியிலேயே வாங்கி வைப்பது நல்லது. ஆதாரில் இன்னும் பழைய குடிசை முகவரியே இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். தாம்பரம் சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் ஒரு ஞாயிறு பெரும்பாக்கம் சென்று இந்தத் தாள்களைச் சரிபார்த்துத் தரலாம்.