உங்களுக்குத் தெரியுமா? – குடிநீருக்குக் காவல் ஊற்றிலேயே!

● சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் குளிக்க, மாடு கழுவ ஒரு குளம்; குடிக்க மட்டும் தனியாக ஓர் ஊருணி. அதில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். துணி துவைத்தால் ஊரே சண்டைக்கு வரும். நீர் கலங்கலாக இருந்தால், பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றிவைப்பார்கள். மண் அடியில் படிந்துவிடும்.

● 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலராவால் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். டாக்டர் ஜான் ஸ்னோ தெருப் பம்பைக் கைகாட்ட, அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தால், கிணற்றுக்கு மூன்றடிகூடத் தள்ளி இல்லாத ஒரு வீட்டுக் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் அந்தக் குழிக்குத்தான் போயிருக்கிறது!

● நியூயார்க் நகரக் குடிநீரில் சுமார் 90 சதவீதம் வடிகட்டப்படுவதே இல்லை; கிருமியைக் கொல்லக் குளோரினும் புற ஊதாக் கதிரும்தான். வடிகட்டும் ஆலை கட்டப் பல நூறு கோடி டாலர் ஆகும் என்றதும், 1997இல் அந்த நீர் வரும் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டது நகரம். காட்டு நிலத்தை வாங்கியது; விவசாயிகள் சாணத்தைச் சேமிக்கவும், வீடுகளின் கழிவுநீர்த் தொட்டியைப் பழுதுபார்க்கவும் பணம் கொடுத்தது.

● வியன்னாவுக்கு 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர் வருகிறது, மோட்டார் போடாமல் சரிவிலேயே இறங்கி. வழியில் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள்!

● சிறுவாணி நீரைக் குடிப்பது கோவை. அணை இருப்பதோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் காட்டில். அந்தக் காடுதான் முதல் வடிகட்டி.

● கனடாவின் வாக்கர்ட்டனில் 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஊர்க் கிணற்றில் கலந்தன. குளோரினும் சரியாகப் போடவில்லை. 7 பேர் இறந்தனர். 2,000 பேருக்கு மேல் நோயுற்றனர். நீராதாரங்களைக் காக்க ஒன்டாரியோ மாகாணம் 2006இல் தனிச் சட்டமே போட்டது.

● கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நீரில் கரைந்த நைட்ரேட் உப்பு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். பால்மாவில் நைட்ரேட் மிகுந்த நீரைக் கலந்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். இந்தியாவில் அனுமதி லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீரே ஆதாரம். தோட்ட உரமும் மலசலகூடக் குழிகளும் அதில்தான் நைட்ரேட்டைச் சேர்க்கின்றன.

● கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி வேண்டும். கிணற்றடித் தளத்தில் விரிசல் விட்டிருந்தால் உடனே பூசுங்கள். ஆளுக்கொரு வாளி இறக்காமல், ராட்டினத்தில் ஒரே வாளியைக் கட்டிவைத்தால் அழுக்கு உள்ளே போவது குறையும்!