பாலாற்றங்கரை மனிதர்கள் - 7: குடியாத்தம் சாலை

சென்ற வாரம் தோல் ஷாப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தோம். இந்த வாரம் அந்த நெடியைச் சற்றே விட்டு விலகி, வேலூரிலிருந்து காட்பாடி வழியாக மேற்கே குடியாத்தம் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய் வரலாம். வடஆற்காட்டின் தர்ம சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் ஆஸ்பத்திரிக் கட்டடங்களிலிருந்து ஆரம்பிக்காமல், இந்தச் சாலையோரத்து மர நிழல்களிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகளுக்காக மூன்று வீட்டார் உதவி கேட்டு வந்ததும், பெண் வைத்தியர் இல்லாமையால் மூவரும் மாண்டதுமான அந்தச் சம்பவம் வேலூரில் நடந்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள், நடந்தது திண்டிவனத்தில். நான் செய்யும் திருத்தம் அவ்வளவே.

அந்த இரவின் தூண்டுதலால் வைத்தியம் படிக்கப் போன அம்மையார் பட்டத்தோடு 1900-இல் திரும்பி, தகப்பனார் பங்களாவின் சிற்றறை ஒன்றில் தொழிலைத் தொடங்கி, 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரியையும் திறந்துவிட்ட பிறகும், கட்டடத்தால் தீராத சங்கடம் ஒன்று மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இனாமாகவே கிடைத்தாலும், அங்கே போய் வருகிற ஒரு நாளின் கூலியை யார் கொடுப்பார்கள்? நாற்று நடுகிறவளுக்கும் தறியில் உட்கார்ந்தவனுக்கும் அன்றைய வேலைதான் அன்றைய சோறு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடியாத்தத்துப் பெண்களைக் கேட்டால், இந்தக் கணக்கை இன்றைக்கும் விரல்விட்டுச் சொல்லுவார்கள்.

ஆகவே நோயாளி வர முடியாத இடத்துக்கு வைத்தியரே போவதென்று ஏற்பட்டது. 1909-இல் வந்து சேர்ந்த ஒற்றை சிலிண்டர் பியூஜோ மோட்டார் வண்டி, முதல் முதல் சாலையில் இரைந்துகொண்டு போனபோது பிசாசு வருகிறதென்று ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்களாம். ஓடியவர்களே பின்னர் வாரந்தோறும் குறித்த நாளில் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து, புண்ணையும் சிரங்கையும் கண்வலியையும் காட்டி, கட்டுப் போட்டுக்கொண்டு, பொழுதோடு வேலைக்குத் திரும்பினார்கள். மருந்தைக் காட்டிலும் அந்தக் ‘குறித்த நாள்’ பெரிய உபகாரம் என்று நான் நினைக்கிறேன். நினைத்தபோது செய்யும் தானத்தை நம்பி ஏழை காத்திருக்க முடியாது. கிழமை தவறாமல் வருவதை நம்பலாம். 1977-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் சுகாதாரத்தோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்துக் கிராமப் பணி தொடங்கிய கே.வி. குப்பம், இதே சாலையில்தான் இருக்கிறது.

ஒரு குறையைத் தீர்க்கப் போனால் அதன் அடியில் இன்னொரு குறை தலைகாட்டும் என்பதை இந்த ஜில்லாவில் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1948 முதல் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கிய அவரிடம், குணமான ஒருவர் வந்து, இந்தக் கைகளுக்கு முன்போல் யாரும் பிச்சை போடுவதில்லை என்று முறையிட்டாராம். நகைச்சுவை போல இருக்கும் அந்த முறையீட்டில் ஜீவனப் பிரச்சினை முழுவதும் அடங்கிவிட்டது. கை சரியானது, வயிறு? குணமானவர்களுக்குத் தச்சுவேலை கற்பிக்க 1951-இல் நவ ஜீவ நிலையம் ஏற்பட்டது இந்தக் கேள்வியால்தான். அவர்கள் அங்கே மர பொம்மைகள் செய்தார்கள்.

கைக்கு வழி பிறந்தபின் கால். உணர்ச்சி மரத்த பாதம் ஆணியின் மேல் நடந்தாலும் அறியாது. அறியாத காயம் புரையோடிக் காலையே கொண்டுபோய்விடும். வேலூரிலும், 1955-இல் காட்பாடிக்கருகே கரிகிரியில் திறக்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் எத்தனையோ விதமான செருப்புகளைச் செய்து பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தது நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர், எம்.சி.ஆர். செருப்பு என்று அரசு ஆஸ்பத்திரிகளில் இன்று இனாமாகக் கொடுப்பது அதைத்தான். சர்க்கரை வியாதியால் மரத்துப்போன பாதங்களுக்கும் இப்போது அதுவே ரட்சை.

ஐரோப்பியக் கால்களுக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்குச் சற்றுத் தூரத்தில்தான் இவ்வளவும் நடந்தது. அந்தத் தொழிற்சாலைகளின் முதலாளிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐடா அம்மையார் வாரத்தில் ஒரு நாளைக் குடியாத்தம் சாலைக்குக் கொடுத்தார். நீங்கள் மாதத்தில் ஒரு நாள், உங்கள் தையல் மிஷின்களை இந்தப் பாதங்களுக்காக ஓடவிடுங்கள். அந்த நாள் இன்னதென்று முன்கூட்டியே சொல்லியும்விடுங்கள்.