வெந்நீரும் மின்கட்டணமும்

ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் சிங்கப்பூரில் வெந்நீர்க் குளியல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆயினும், அதிகாலையில் பள்ளிக்குப் புறப்படும் மாணவர்களுக்கும் முதியோருக்கும் வெதுவெதுப்பான நீர் இதமளிக்கிறது. அந்த இதத்திற்கு ஒரு விலை உண்டு. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, வீடுகள் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீரைச் சூடாக்கவே செலவாகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. ஆகவே, வெந்நீரின் விலையைக் குடும்பம் மட்டுமன்றிச் சுற்றுச்சூழலும் தருகிறது.

மின்சூடேற்றி, தான் பெறும் மின்சாரம் முழுவதையும் ஏறக்குறைய அப்படியே வெப்பமாக மாற்றிவிடும். அப்படியிருக்க, ஒரு சூடேற்றி மற்றொன்றைவிட எவ்வாறு சிக்கனமாக இருக்க முடியும்? உண்டாக்கிய வெப்பத்தை வீணாக்காமல் இருப்பது ஒரு வழி. வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் வேறிடத்திலிருந்து பெறுவது மற்றொரு வழி.

முதலில், சேமிப்புக் கலன் கொண்ட சூடேற்றியைப் பார்ப்போம். இது வெப்பக் குடுவையைப் போன்றது. குடுவையில் ஊற்றிய காப்பி மெல்ல மெல்ல ஆறுவதுபோல, கலனில் உள்ள வெந்நீரும் வெப்பத்தை இழக்கும். விசையை அணைக்காமல் விட்டால், நீர் ஆறும்போதெல்லாம் கருவி மீண்டும் இயங்கும். வீட்டில் அனைவரும் உறங்கும் வேளையிலும் மின்சாரம் செலவாகும். 25 லிட்டர் நீரை 28 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, 3 கிலோவாட் திறனுள்ள கருவிக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் போதும். எனவே, நாள் முழுவதும் அதனை இயக்கத் தேவையில்லை.

உடனடிச் சூடேற்றியில் கலன் இல்லை. குழாயில் ஓடும் நீரை அது அவ்வப்போது சூடாக்குகிறது. குழாயை மூடியதும் மின்பயன்பாடு நின்றுவிடும். இடம் குறைந்த அடுக்குமாடி வீடுகளுக்கு இது ஏற்றது. ஆனால், நீர் வேகமாகப் பாய்ந்தால் போதிய சூடு ஏறாது.

வெப்பப் பம்பு இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது. குளிர்சாதனம் அறையின் வெப்பத்தை வெளியேற்றுகிறது அல்லவா? வெப்பப் பம்போ வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து நீருக்குள் செலுத்துகிறது. இதனால், ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தைப் பெற முடிகிறது. எனினும், இதன் விலை அதிகம். இதற்கு இடமும் கூடுதலாக வேண்டும். மலேசியத் தரைவீடுகளின் கூரைகளில் காணப்படும் சூரிய சூடேற்றியும் இதே வழியைச் சார்ந்தது. தனிக்கூரை இல்லாத அடுக்குமாடி வீட்டில் அதனைப் பொருத்துவது கடினம்.

பழைய சூடேற்றி பழுதடைந்ததும் பலர் விலையை மட்டும் பார்த்து அவசரமாகப் புதியதை வாங்குகின்றனர். குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கை, குளியலறைகளின் எண்ணிக்கை, கருவியின் எரிசக்தி ஒட்டுவில்லை ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். சரிக்குறிகள் கூடக்கூட மின்செலவு குறையும். வாங்கிய கருவியைத் தகுதிபெற்ற பணியாளரே பொருத்த வேண்டும். நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் கவனக்குறைவு உயிரையே பறித்துவிடும்.

புதிய கருவி வாங்காமலும் சிக்கனத்தைத் தொடங்கலாம். 3.3 கிலோவாட் உடனடிச் சூடேற்றியை முழுத்திறனில் பயன்படுத்தி, நால்வர் நாள்தோறும் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால், 30 நாள்களில் 66 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று கொண்டால், கட்டணம் 19 வெள்ளி 80 காசு. குளிக்கும் நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தால், அதில் பாதி மிச்சமாகும், தண்ணீரும் மிச்சமாகும். நல்ல கருவி வெப்பம் வீணாவதைத் தடுக்கும். எவ்வளவு வெந்நீர் தேவை என்பதை முடிவுசெய்வது, குழாயைத் திறக்கும் கைதான்.