இறைவன் நீங்கிய இடமும் இறைவன் தாங்கும் இடமும்: அய்யாவழி மரபில் தஞ்சம் என்னும் கருத்து

முன்னுரை

நாஞ்சில் நாட்டின் அகத்தீசுவரம் வட்டத்திலுள்ள சுவாமித்தோப்பு, அய்யாவழி மரபின் தலைமைப் பதியாகும். அய்யா வைகுண்டர் (1809–1851) தோற்றுவித்த இம்மரபு பேய் வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் காணிக்கையையும் விலக்கியது. வைகுண்டரையே தஞ்சமாகக் கொள்ளுமாறு மக்களை அழைத்தது. இவ்விலக்கலைச் சமூக எதிர்ப்பாக மட்டும் காண்பாரும் உளர். சமயச் சீர்திருத்தமாக மட்டும் காண்பாரும் உளர். ஒரு வழிபாட்டிடம் எதனால் பொய்யாகிறது என்னும் வினாவுக்கு இம்மரபு தரும் விடையில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மக்கள்முன் இருந்த வாயில்கள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரின் நாடார் முதலிய சாதியினருக்குச் சுசீந்திரம் போன்ற பெருங்கோயில்களின் வாயில்கள் அடைபட்டிருந்தன. தலைவரியும் ஊதியமற்ற ஊழியமும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டன. பெண்கள் தோள்சீலை அணியவும் தடை இருந்தது. அவர்களுக்கு எட்டிய தெய்வங்கள் மாடனும் இசக்கியும் சுடலையும் ஆவர். நோயும் இறப்பும் இத்தெய்வங்களின் சினத்தால் நேர்வன என்ற அச்சம் ஆட்டையும் கோழியையும் பலியாகக் கேட்டது. வைகுண்டரின் தந்தையார் பெயரே பொன்னுமாடன் என்பது இவ்வழிபாட்டின் ஆழத்தைக் காட்டும்.

மூன்றாவது வாயிலை இலண்டன் மிஷன் சங்கம் திறந்தது. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே மயிலாடியை மையமாகக் கொண்டு பணியாற்றினார். அச்சங்கத்தார் மாடன், இசக்கி வழிபாட்டைப் பிசாசு வழிபாடு என்றே எழுதினர். ஆகவே, பழைய தெய்வங்களை விட்டு விலகுக என்னும் குரல் வைகுண்டருக்கு முன்பே இப்பகுதியில் ஒலித்தது. அவர் குரல் எவ்வகையில் வேறுபட்டது என்பதே ஆராயத்தக்கது.

இறைவன் நீங்கிய கோயில்

1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார். அதுமுதல் திருவிதாங்கூர் மன்னர் பத்மநாபதாசராக ஆண்டனர். அரசனின் ஆணைக்கு இறைவனின் ஒப்புதல் உண்டு என்பது இதன் பொருள். வரியும் ஊழியமும் அவ்வொப்புதலின் நிழலிலேயே நடந்தன.

அகிலத்திரட்டு அம்மானை இவ்வடிப்படையையே அசைக்கிறது. கொல்லம் ஆண்டு 1016இல் வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் இதனை ஏட்டில் எழுதினார் என்பது மரபு. கலிநீசனாகிய மன்னன் சான்றோர் மக்களை வருத்துவது பொறாத திருமால் திருவனந்தபுரத்தை விட்டுத் திருச்செந்தூர் சென்றதாக இந்நூல் கூறுகிறது. அங்குக் கடலிலிருந்தே கொல்லம் 1008 மாசி 20 அன்று (1833) வைகுண்டர் அவதரித்தார் என்பது நம்பிக்கை. கோயில் நிற்கிறது, பூசையும் நடக்கிறது, ஆனால் இறைவன் அங்கு இல்லை. எளியோரை வருத்துவோர்க்கு அரணாகிவிட்ட கோயில் வெற்றிடமாகிறது என்பதே இக்கதையின் உட்பொருள்.

சிறுதெய்வங்கள் குறித்த நிலையும் இதனோடு பொருந்துகிறது. பேய்கள் வைகுண்டர்முன் தம் ஆற்றலை ஒப்படைத்து எரிந்தொழிந்ததாக அகிலம் பாடுகிறது. அவை ஒருகாலத்தில் இருந்தன என்பதை அது மறுக்கவில்லை. அவற்றுக்கு அஞ்சும் காலம் முடிந்தது என்கிறது. மக்களின் பழைய அனுபவத்தை இழிவுபடுத்தாமலே அச்சத்திலிருந்து விடுவித்தமையால் இக்குரல் மிஷன் சங்கத்தாரின் குரலிலிருந்து வேறுபடுகிறது.

தாங்கல்: பெயரும் அமைப்பும்

இம்மரபின் ஊர் வழிபாட்டிடங்கள் நிழல் தாங்கல் எனப்படுகின்றன. தாங்குதல் என்பது சுமத்தலையும் காத்தலையும் குறிக்கும். தலைச்சுமையாளர் பாரத்தை இறக்கிவைத்த கல்லுக்குச் சுமைதாங்கி என்பது பெயர். வரியும் ஊழியமும் சுமந்த மக்கள் தம் புகலிடத்துக்கு இட்ட பெயரில் இப்பொருள் ஒலிப்பது கருதத்தக்கது.

பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் விளக்குகளுமே உள்ளன. வழிபடுவோர் கண்ணாடியில் தம் முகத்தைக் காண்கின்றனர். ஆண்கள் தலைப்பாகை அணிந்தே உட்செல்கின்றனர். இது தாழ்த்தப்பட்டோருக்கு அன்று மறுக்கப்பட்டிருந்த உரிமையாகும். நெற்றியில் கையால் தொட்டு நாமம் இடுவது, தொடுதலே தீட்டாகக் கருதப்பட்ட காலத்தில் தோன்றிய வழக்கம். சுவாமித்தோப்பின் முத்திரிக்கிணறு எல்லாச் சாதியினருக்கும் பொதுவாக அமைந்தது. பலியின் இடத்தை அன்னதருமம் பெற்றது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், பொய்யான புகலிடத்துக்கு இம்மரபு காட்டும் அடையாளங்கள் மூன்றெனலாம்: அது அச்சுறுத்தும், விலை கேட்கும், மனிதனை எட்ட நிறுத்தும். தாங்கல் இம்மூன்றுக்கும் மாற்றாக அமைந்தது.

நிறைவுரை

1936 நவம்பர் 12இல் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் திருவிதாங்கூர்க் கோயில்களை அனைத்து இந்துக்களுக்கும் திறந்தது. வாயில் மறுக்கப்பட்டதே அய்யாவழி தோன்றக் காரணம் எனின், அன்றோடு அதன் தேவை முடிந்திருக்க வேண்டும். ஆயினும் தாங்கல்கள் தொடர்ந்தன; அகிலம் 1939இல் அச்சேறியது. நுழைவுரிமை பெற்ற பின்னும் இம்மரபு நிலைத்தமைக்கு, அது எழுப்பிய வினா நுழைவைப் பற்றியதாக மட்டும் இராமையே காரணம் எனலாம். இறைவன் யார் பக்கம் இருக்கிறான் என்பதே அவ்வினா. கொடியேற்றுத் திருநாளும் தேர்பவனியும் சிறக்க நடைபெறும் இன்றைய பதிகளுக்கும் அவ்வளவுகோல் பொருந்தும். அச்சமும் விலையும் விலக்கும் புகுந்தால், இறைவன் எந்த இடத்தையும் விட்டு நீங்கக்கூடும் என்பதே அகிலத்தின் கதை தன் மக்களுக்கும் விடுக்கும் எச்சரிக்கையாகும்.